மலையேறினால் பேனா ஏன் கக்குகிறது?

தை மாதத்தில் ஒரு நாள், கடுக்காய் வாங்குவதற்காகச் செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு பஸ்ஸில் போனேன். சட்டைப் பையில் அப்பாவின் பேனா இருந்தது. கறுப்பு எபோனைட்டில் கடைந்த பழைய மைப்பேனா அது. அப்பா பத்திரம் எழுதியவர். அந்தப் பேனாவின் கழுத்தில் அவர் விரல் பட்டுத் தேய்ந்த இடம் இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது. வளைவுப் பாதையில் முன் சீட்டுக் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். ஜமுனாமரத்தூரில் இறங்கிப் பார்த்தால், பையின் அடியில் எட்டணா அகலத்துக்கு நீலக் கறை. மூடியைத் திருகினேன். மூடிக்குள்ளே மை தேங்கி நின்றது.

பஸ் குலுங்கியதில் கசிந்திருக்கும் என்றார் பக்கத்தில் நின்றவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே பேனாவோடு குண்டும் குழியுமான சாலையில் சைக்கிளில் எத்தனையோ நாள் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு சொட்டுகூடக் கசிந்ததில்லை. மலைமேல் மட்டும் அது ஏன் கக்க வேண்டும்?

பள்ளியில் மைப்பேனா பிடித்து எழுதிய எல்லோருக்கும் 'கக்குதல்' என்ற சொல் தெரியும். கசிவு வேறு, கக்குதல் வேறு. மரை சரியாகப் பொருந்தாவிட்டால் கழுத்துச் சந்தில் மெல்ல ஊறி விரலில் ஒட்டுவது கசிவு. அதற்கு மரையில் கொஞ்சம் மெழுகு தடவினால் போதும். கக்கும் பேனாவில் மரை நன்றாகவே இருக்கும். எழுதிக்கொண்டே இருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாததுபோல், நிப்பிலிருந்து ஒரு பெரிய சொட்டு தாளில் விழும். இன்னொன்றையும் எல்லோரும் கவனித்திருப்போம். மை நிறைய இருக்கும்போது பேனா கக்குவதில்லை. மை தீரப்போகும்போதுதான் கக்கும். காலியாகிக்கொண்டே வரும் பாத்திரம் ஏன் வழிகிறது?

விடை குழலுக்குள் இருக்கும் காற்றில் இருக்கிறது. மைப்பேனா என்றால் மையைத்தான் நினைக்கிறோம். ஆனால் அதன் பாதி வேலை காற்றை நிர்வகிப்பது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும், பிறகு 'குபுக் குபுக்' என்று விட்டுவிட்டு வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் சீராக ஊற்றும். வெளியே போகும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். பேனாவில் இரண்டாவது துளை போட முடியாது, போட்டால் மை முழுதும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். மை வெளியே வருவதும் காற்று உள்ளே போவதும் ஒரே வாசல் வழியாக, ஒன்றையொன்று மறிக்காமல் நடக்க வேண்டும். அந்த வாசல்தான் நிப்புக்கு அடியில் இருக்கும் 'நாக்கு'.

நாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நிப்பைத் தொடும் மேல்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தின் அடியில், கூர்ந்து பார்த்தால், மயிரிழைபோல் இன்னும் நுண்ணிய கீறல்கள் இருக்கும். மை கீறல்களில் வரும், காற்று பள்ளத்தில் போகும். 1884-இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவின் சாரம் இதுதான். அதற்கு முன்பும் மை நிரப்பும் பேனாக்கள் இருந்தன. 1827-லேயே ருமேனியரான பெட்ராக்கே பொயெனாரு பிரான்சில் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் மையும் காற்றும் ஒழுங்காக மாறிக்கொள்ளும் வழி பிடிபட்ட பிறகே மைப்பேனா நம்பி எழுதும் கருவியாயிற்று.

கீறலில் மை ஊர்வதற்குக் காரணம் நுண்புழை ஈர்ப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் வேட்டி நுனியில் பட்ட ஈரம் மேலே பரவுவதும் இதே விசையால்தான். வழி குறுகக் குறுக இழுப்பு கூடும். நிப்பின் பிளவு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போவது அதனால்தான். நாக்கின் பள்ளத்தைவிடப் பிளவு குறுகல், பிளவைவிடத் தாளின் நார்களுக்கு இடையிலான சந்து குறுகல். மை அகலத்திலிருந்து குறுகலுக்குப் படிப்படியாகக் கைமாறி, கடைசியில் தாளுக்குப் போய்ச் சேர்கிறது. நாம் அழுத்த வேண்டியதே இல்லை. பால்பாயின்ட் பேனாவில் பழகிய கை மைப்பேனாவை எடுத்ததும் அழுத்தும், நிப்பு விரிந்து பிளவு அகலும், இழுப்பு அறுந்து எழுத்து வெளுக்கும். மை வரவில்லையே என்று இன்னும் அழுத்துவார்கள். நிப்பு கெட்ட கதைகளில் பாதி இதுதான்.

மை கீழே இறங்குவதற்குக் காரணம் சொல்லியாயிற்று. குழலில் உள்ள அத்தனை மையும் கொட்டாமல் நிற்பது எப்படி? கொஞ்சம் மை போனதும் குழலுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றே குறைகிறது. அந்தச் சிறு வித்தியாசம்தான் மையைத் தாங்கிப் பிடிக்கிறது. 6 சென்டிமீட்டர் உயர மையைத் தாங்க ஏறக்குறைய 6 மில்லிபார் வித்தியாசம் போதும். வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் 1013 மில்லிபார். அதில் ஒரு சதவீதம்கூட இல்லாத வித்தியாசத்தில்தான் நம் சட்டைப்பையின் மானம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி மலைப் பாதைக்கு வருவோம். நம் உயரங்களில் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றழுத்தம் சுமார் 11 மில்லிபார் குறையும். ஜவ்வாது மலைமேல் இருக்கும் காவலூர் வானாய்வகத்தின் உயரம் சுமார் 725 மீட்டர். செங்கம் சமவெளியிலிருந்து அந்த மட்டத்துக்கு ஏறினால் 400, 450 மீட்டர் கூடுகிறது. அப்படியானால் காற்றழுத்தம் 45 முதல் 50 மில்லிபார் வரை, அதாவது ஏறக்குறைய 5 சதவீதம், குறைகிறது. குழலில் அடைபட்ட காற்றோ கீழ்ச் சமவெளியின் அழுத்தத்தோடு இருக்கிறது. வெளியே அழுத்தம் குறைந்ததும் அது விரியப் பார்க்கும். அழுத்தம் குறைந்தால் கொள்ளளவு அதே விகிதத்தில் கூடும் என்பது பத்தாம் வகுப்பில் படித்த பாயில் விதி.

அப்பாவின் பேனா 4 மில்லி மை கொள்ளும். அன்று அதில் 1 மில்லிதான் இருந்தது, மீதி 3 மில்லி காற்று. அதில் 5 சதவீதம் விரிந்தால் 0.15 மில்லி. ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்துக்கொண்டால் மூன்று சொட்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், நிப்பு மேல்நோக்கி நின்றிருக்கும், விரிந்த காற்று மட்டும் நாக்கு வழியாக வெளியேறியிருக்கும். கம்பியில் சாய்ந்து தூங்கியதால் பேனா படுத்துவிட்டது. காற்றுக்கும் வாசலுக்கும் நடுவே மை நின்றது. மூன்று சொட்டு மூடிக்குள் இறங்கி, மூடியின் காற்றுத் துளை வழியாகச் சட்டைக்கு வந்தது. குழல் நிறைய மை இருந்திருந்தால்? உள்ளே அரை மில்லி காற்றுதான் இருந்திருக்கும், விரிவு அரைச் சொட்டு. அதை நாக்கின் அடிப்பக்கம் வெட்டியிருக்கும் மீன்செவுள் போன்ற வரிகளே பிடித்து வைத்துக்கொள்ளும். மலைமேல் போனால் குளிருமே, குளிர்ந்தால் காற்று சுருங்குமே என்று கேட்கலாம். உண்மைதான், 3 டிகிரி குறைந்தால் ஒரு சதவீதம் சுருங்கும். ஆனால் நெஞ்சோடு ஒட்டியிருக்கும் பேனாவுக்கு உடம்பின் சூடுதான் வானிலை.

அந்தச் சூடே சமவெளியிலும் பேனாவைக் கக்க வைக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் காற்று 3 சதவீதத்துக்கு மேல் விரியும். 3 மில்லி காற்றில் அது 0.1 மில்லி, இரண்டு சொட்டு. எழுதும் கை குழலைச் சூடாக்குவதால் நேர்வது இது. இதை வைத்து என் பள்ளி நாள்களின் ஒரு புதிரை அவிழ்க்க முடிந்தது. அரையாண்டுப் பரீட்சையில் விடைத்தாளெல்லாம் மைப்பொட்டாக இருக்கும், முழுஆண்டுப் பரீட்சையில் அப்படி இருக்காது. அரையாண்டு மார்கழியில் வருகிறது. மலையடிவாரக் குளிரில் 20 டிகிரியில் கிடந்த பேனாவைச் சூடான உள்ளங்கை பிடிக்கும்போது வித்தியாசம் அதிகம். சித்திரை வெயில் நெருங்கும் முழுஆண்டில் அறையின் சூடும் கையின் சூடும் ஏறக்குறைய ஒன்று. பேனா கையை உணர்வதே இல்லை.

இந்தக் கணக்குத் தெரிந்தவருக்குப் பழைய பேனாவும் புதிய பேனாவும் ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகளாகத் தெரியும். 1941-இல் கடைக்கு வந்த பார்க்கர் 51, நிப்பைச் சுற்றிய கூட்டுக்குள் வரிவரியான ஒரு பெரிய தேக்கத்தை ஒளித்து வைத்தது. வழியும் மை அங்கே தங்கி, பிறகு தானே திரும்பும். அதே உருவில் சீனாவிலிருந்து வந்த ஹீரோ பேனா நம் வீடுகளில் எத்தனை பேருக்குப் பரிசாக வந்திருக்கிறது! இன்றைய பேனாக்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கும் குறைவாக மை கொள்ளும் கார்ட்ரிட்ஜோ கன்வெர்ட்டரோ வைத்திருக்கின்றன. மையின் அளவு குறைவு, ஆகவே காற்றும் குறைவு, கக்குவதற்கு ஒன்றும் இல்லை. ஜப்பானியர் சொட்டுக்குழாயால் நிரப்பும் பெரிய பேனாவையே வைத்துக்கொண்டு, கழுத்துக்கும் குழலுக்கும் நடுவே அடைப்பான் பொருத்தினார்கள்.

நம் பக்கத்தில் அந்தப் பெரிய குழல் பேனாதான் நிலைத்தது. இங்க் ஃபில்லரால் நேரே குழலுக்குள் மை விடும் பேனா. உள்ளே ரப்பர் பை இல்லை, நெம்புகோல் இல்லை, பழுதாக எதுவுமே இல்லை. ராஜமுந்திரியின் ரத்னம் பேனா, சென்னை பாரிமுனைப் பக்கத்து ஜெம் அண்ட் கம்பெனியின் காமா பேனா, திருவள்ளூரின் ரங்கா பேனா எல்லாம் அந்த மரபு. முழுக்க இந்நாட்டிலேயே செய்த பேனா வேண்டும் என்று காந்தி கேட்டதற்கு ரத்னம் செய்து கொடுத்த பேனா, தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தது. 1935-இல் காந்தி எழுதிய நன்றிக் கடிதத்தை அந்தக் கடை இன்றும் பெருமையாகப் போற்றுகிறது.

இந்தப் பேனாக்களின் எபோனைட் ரப்பரிலிருந்து வருகிறது. ரப்பரில் கந்தகத்தை அளவாகச் சேர்த்துச் சூடாக்கினால் டயர், மூன்றில் ஒரு பங்கு வரை சேர்த்தால் கருங்காலி போன்ற கட்டை. எபோனைட் என்ற பெயரே கருங்காலி மரத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. கடைசல் எந்திரத்தில் அதைச் சீவும்போது கந்தக வாடை அடிக்கும். பழைய பேனாவை உள்ளங்கையில் பரபரவெனத் தேய்த்து மோந்து பார்த்தாலும் லேசாகத் தெரியும். பழம்பேனா வாங்குபவருக்கு இது நம்பகமான சோதனை, பிளாஸ்டிக்கில் அந்த வாடை வராது. உலோகத்தைப்போல் வெப்பத்தைச் சட்டென்று கடத்தாததால், தடித்த எபோனைட் குழல் கையின் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். நாக்குக்கும் எபோனைட்தான் உயர்வு. அதன் வெட்டுமுகம் சொரசொரப்பானது, மை அதில் நன்றாகப் படியும். வழுவழுப்பான பிளாஸ்டிக் நாக்கில் மை முத்துமுத்தாய் உருண்டு நிற்கப் பார்க்கும். நிப்பும் நாக்கும் ஒட்டாமல் இடைவெளி இருந்தால், எபோனைட் நாக்கைச் சுடுநீரில் காட்டி மெல்ல அழுத்தி வளைத்துக்கொள்ளலாம். ஆனால் மூடியையும் குழலையும் சுடுநீரில் போடவே கூடாது. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் மேல்பரப்பில் உள்ள கந்தகம் காற்றோடு சேர்ந்து அமிலமாகி, கறுப்பு கலைந்து மண்பச்சை நிறம் வந்துவிடும். அப்பாவின் பேனாவில் மூடி மறைத்த இடம் மட்டும் இன்னும் கரிய மினுமினுப்போடு இருக்கிறது.

நிப்பென்றால் நமக்குச் சாத்தூர். வெள்ளரிக்காய்க்கும் காராச்சேவுக்கும் பெயர்போன ஊர், குடிசைத் தொழிலாக நிப்பு அடித்து நாடெங்கும் அனுப்பியது. தகட்டை வெட்டி, வளைத்து, பிளந்து, நுனி தீட்டி, கையளவு எந்திரங்களில் எத்தனை கைகள் வழியாக ஒரு நிப்பு பிறந்தது! பால்பாயின்ட் வந்து அந்தத் தொழிலை நசுக்கியது. பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்தால் நிப்பும் நாக்கும் கிடைத்த காலத்தில் பேனாவைத் தூக்கி எறிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊர் ஊராகப் பழம்பேனா தேடுபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: அழகான பேனாக்களோடு சாத்தூர் நிப்புகளையும் எடுத்து வையுங்கள். அவையும் வரலாறுதான்.

விலை உயர்ந்த பேனாவில் நிப்பு தங்கமாக இருப்பதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. தங்கம் வந்த காரணம் மை. அந்தக் கால மையில் அமிலமும் இரும்பும் இருந்தன, எஃகு நிப்பை அவை அரித்தன. தங்கத்தை அரிக்க முடியவில்லை. தங்கம் மென்மையானது, தாளில் தேய்ந்துவிடும். ஆகவே நுனியில் மட்டும் ஆஸ்மியம், இரிடியம் கலந்த கடின உலோகத்தின் சிறு மணியைப் பற்றவைத்தார்கள்.

அந்த மையின் மூலப்பொருளை வாங்கத்தான் நான் அன்று மலைக்குப் போனேன். ஜவ்வாது மலைவாசிகள் காட்டில் பொறுக்கி வரும் பொருள்களில் தேனும் புளியும் போலக் கடுக்காயும் ஒன்று. உலர்ந்த கடுக்காய்த் தோலில் மூன்றில் ஒரு பங்கு வரை துவர்ப்புப் பொருள், அதாவது டானின். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடுதலில் ஆவாரம்பட்டையோடு கடுக்காயும் சேர்ந்தது அதற்காகத்தான். இரும்புச் சட்டியில் நெல்லிக்காய் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தலைக்கு மருதாணி குழைப்பவர்கள் கடுக்காய்த் தூளை இரும்புச் சட்டியில் இரவெல்லாம் ஊறப்போடுவதும் அந்தக் கறுப்புக்காகத்தான். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எழுதிய மையின் வேதியியல் அவ்வளவுதான். ஐரோப்பியர் துவர்ப்புக்குக் கருவாலி மரத்தின் மொக்குப் புடைப்புகளை எடுத்தார்கள். நான்காம் நூற்றாண்டின் சினாய் விவிலியச் சுவடி அப்படிப்பட்ட மையில் எழுதியதுதான். நம் ஓலைச்சுவடிக்கு இந்த மை தேவைப்படவில்லை. எழுத்தாணியால் கீறி, கீறலில் கரியைத் தேய்த்தார்கள்.

செய்து பார்ப்பது எளிது. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் அடுத்தடுத்த டப்பாக்களில் இருக்கும். மூன்று கடுக்காயைத் தட்டிக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை ஒரு டம்ளர் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால் தேநீர் நிறத்தில் சாறு வரும். அன்னபேதி என்பது இரும்புச் சல்பேட்டு. ஒரு சிட்டிகையைத் தனியே நீரில் கரைத்துச் சாற்றில் விடுங்கள், கண்ணெதிரே ஊதாக் கறுப்பு படரும். கருவேலம் பிசின் சிறிது சேர்த்தால் மை தாளில் பரவாது. தொட்டு எழுதும் நிப்பால் எழுதினால் முதலில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், மறுநாள் பாருங்கள், கறுத்திருக்கும். புதிய பச்சை அன்னபேதியில் உள்ள இரும்பு டானினோடு சேர்ந்து முதலில் கரையும் நிலையிலேயே இருக்கிறது. தாளில் உலரும்போது காற்றின் ஆக்சிஜன் பட்டு இன்னொரு நிலைக்கு மாறி, நீரில் கரையாத கறுப்பாகி நார்களுக்குள் பூட்டிக்கொள்கிறது. அன்னபேதி குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. இந்த மையை மைப்பேனாவில் விடவும் கூடாது. பிசினும் வண்டலும் நாக்கின் கீறலை அடைத்துவிடும்.

பிறகு வண்டல் படியாத இரும்பு மையை உருவாக்கியவர்கள், எழுதிய உடனே கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு நீலச் சாயமும் சேர்த்தார்கள். லண்டனில் 1832-இல் தொழில் தொடங்கிய ஹென்றி ஸ்டீஃபன்ஸின் மை அந்த வகை. நீலமாக விழுந்து கறுப்பாக முதிரும், அதனால்தான் 'புளூ பிளாக்'. பத்திரம் எழுதியவர்கள் அதை விரும்பக் காரணமும் இதுவே. தாள் நனைந்தால் சாயம் போகும், இரும்பு போகாது. இன்று கடையில் விற்கும் புளூ பிளாக் எல்லாவற்றிலும் இரும்பு இல்லை, பலவற்றில் வெறும் சாயம்தான். எழுதி ஒரு வாரம் கழித்து ஒரு சொட்டு வெளுக்கும் திரவம் விட்டுப் பார்க்கலாம். எழுத்து முழுதும் மறைந்தால் சாயம். துருநிறத்தில் தடம் நின்றால் இரும்பு. இரும்பு மை போட்ட பேனாவை மாதம் ஒருமுறை குளிர்ந்த நீரால் அலச வேண்டும், நிப்பில் உலர விடவே கூடாது.

சட்டைக் கறை? அதுவும் இரும்பு மைதான், வெளுப்பான் போட்டிருந்தால் துருக்கறையாக நிரந்தரமாகியிருக்கும். வீட்டில் எலுமிச்சையைப் பிழிந்து உப்பைத் தூவி வெயிலில் வைத்தார்கள். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பற்றிக் கரைத்துக்கொண்டு வரும். இரண்டு தரம் செய்ததில் போயிற்று.

இப்போதெல்லாம் மலையேறும் முன் பேனாவில் கழுத்துவரை மை விட்டுக்கொள்கிறேன், அல்லது முழுதும் காலி செய்துவிடுகிறேன். அன்று திரும்பும்போது இன்னொன்றையும் பார்த்தேன். மேலே பேனாவைத் துடைத்து, அங்கேயே நாலு வரி எழுதிப் பார்த்து, நிமிர்த்திப் பையில் வைத்தேன். இறக்கத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே வர, வெளிக்காற்று நாக்கின் வழியே உள்ளே புகுந்து, கீறல்களில் நின்ற மையைக் குழலுக்குள் தள்ளியிருக்கிறது. செங்கம் பஸ் நிலையத்தில் இறங்கி, கடுக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, கணக்கெழுத நிப்பைத் தாளில் வைத்தேன். முதல் இரண்டு எழுத்து வெறும் கீறலாக விழுந்தது. பேனாவைக் குப்புறப் பிடித்து நாலைந்து மூச்சுக் காத்திருந்தேன். மூன்றாம் எழுத்தில் நீலம் வந்தது.